வெள்ளைப் பூவும் காபரேட்டரும்

வட்டக்கச்சியில் பயத்துக்குப் பேர்போன மனிதர் யார் என்று கேட்டால் எவரும் யோசிக்காமல் கதிர்காமநாதனின் வளவைக் காட்டுவார்கள். பாம்புக்குப் பயம், இடிக்குப் பயம், பொலிசுக்குப் பயம். சாவகச்சேரிப் பக்கமிருந்து காணி கிடைத்துக் குடியேறி வந்த முதல் மாதமே, பற்றைக்குள் ஏதோ உறுமியது என்று வேப்பமரத்தில் ஏறி இருந்துகொண்டார். பக்கத்துக் காணிக் கமலாசனி அக்கா வந்து, "அது எங்கடை எருமைக்கண்டு தம்பி, இறங்கும்" என்று சொன்ன பிறகும், கன்றைக் கட்டிவிட்டு வந்தால்தான் இறங்குவேன் என்றாராம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மாவா சொன்னார்கள்!

ஆனால் எஞ்சின் என்று வந்தால் மனிதர் வேறு. வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற மண்ணெண்ணெய்ப் பம்புகள் அந்தக் காலத்தில் ஆளுக்கு ஆள் வாங்கிப் போட்டிருந்தார்கள். ஒன்று நின்றால் ஊரே கதிர்காமநாதனிடம்தான் ஓடிவரும். பெரும்பாலும் கோளாறு காபரேட்டரில்தான் இருக்கும். எண்ணெயையும் காற்றையும் அளவாகக் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிற சாமான் அது. அதற்குள்ளே ஜெற் என்று நெல்மணியளவில் ஒரு பித்தளைத் துண்டு. அதன் நடுவில் ஊசிமுனை போகிற துவாரம். அந்தத் துவாரத்தில் ஒரு தூசி அடைத்தால் போதும், எவ்வளவு பெரிய எஞ்சினும் செத்துப்போகும். கதிர்காமநாதன் கழற்றுவார், வாயில் வைத்து ஊதுவார், பூட்டுவார். பத்து நிமிடம். ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விடுவார்.

இந்தக் கைகள் வீட்டுக்கு உதவவேண்டிய நாளில் உதவவில்லை. ஐம்பத்தெட்டாம் ஆண்டு மாரியில் அவர் மனைவி விமலேஸ்வரிக்கு முதற் பிள்ளைக்கு நோக் கண்டது. கிளிநொச்சியிலிருந்து வாடகைக் காரைக் கூப்பிட்டு ஏற்றினார்கள். வட்டக்கச்சியை விட்டு வெளியேறுகிற இடத்தில், ரோட்டுக்கு மேலால் வெள்ளம் பாய்கிற ஒரு பள்ளம் இருக்கிறது. அதன் நடுவில் வைத்துக் காரின் எஞ்சினுக்குள் தண்ணீர் போய் நின்றுவிட்டது. சாரதி காரை இழுக்க உழவு மெசின் தேடிப்போனான். கதிர்காமநாதன் முழங்காலளவு தண்ணீரில் நின்றார். எஞ்சின் மூடியைத் திறக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. பயத்தில் அறிவு மரத்துப்போய் நின்றார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை இல்லை. ஆண்பிள்ளை. தாயைத்தான் மீட்டுத் தந்தார்கள்.

அடுத்த பிள்ளையை வயிற்றைக் கீறித்தான் எடுக்கவேண்டிவரும், யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியை விட்டால் வழியில்லை என்று டொக்டர் அப்போதே சொல்லி அனுப்பினார். அந்தச் சொல் கதிர்காமநாதனின் நெஞ்சில் ஆணிபோல இறங்கிவிட்டது. இனி ஒருவனின் காரை நம்பமாட்டேன் என்று நினைத்தார். நீர்ப்பாசனக் கந்தோருக்குப் பின்னால் பாலை மரத்தடியில் எலி குட்டி போட்டுக் கிடந்த ஒரு பழைய கறுப்புக் காரை ஏலத்தில் எடுத்து, இரண்டு மாடு பூட்டி வீட்டுக்கு இழுத்து வந்தார். ஊர் சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்யும்? மாடு இழுக்கிற காரை அதுவரை ஒருவரும் கண்டதில்லை. மனிதர் சிரிப்பைக் காதில் போடாமல் இரண்டு வருடம் தகரம் ஒட்டினார், சில்லு மாற்றினார், பிரேக் பார்த்தார். எல்லாம் முடிந்து எஞ்சின் ஒன்றுதான் பாக்கி என்ற நேரத்தில் விமலேஸ்வரி மறுபடி உண்டானாள். கணக்குப் பார்த்தால் மார்கழி கடைசி. சரியாக மாரி, சரியாக வெள்ளம்.

அந்த நேரம் பார்த்துத்தான் மஸாஹிர் நானா வந்தார். முல்லைத்தீவிலிருந்து லொறியில் மீன் கொண்டுவந்து விற்கிறவர். லொறிக்கு ஏதும் நோவு வந்தால் கதிர்காமநாதனிடம்தான் நிற்பாட்டுவார். கவிழ்ந்துபோன வான் ஒன்றிலிருந்து கழற்றிய சின்ன டீசல் எஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்து முற்றத்தில் இறக்கினார்.

"தம்பி, இதைப் பூட்டும். இதுக்குப் பிளக்கும் இல்லை, கறண்டும் இல்லை. தண்ணிக்குள்ளாலை போனாலும் இழுத்துக்கொண்டு போகும். காபரேட்டரை நம்பி மாரிக்கை போறது ஓட்டைத் தோணியிலை வலைக்குப் போற கதைதான்."

எஞ்சினின் பக்கத்தில் ஒரு பம்பு இருந்தது. காபரேட்டருக்குப் பதிலாக டீசலை ஊசி போடுவதுபோல எஞ்சினுக்குள் பீய்ச்சி அடிக்கிற பம்பு. இஞ்செக்சன் பம்பு என்றார் நானா. அதன் ஆணிகளில் கம்பி கோத்து ஈயச் சீல் அடித்திருந்தது. கதிர்காமநாதன் கிட்டப் போகாமலே குனிந்து பார்த்தார்.

"இந்தப் பம்பு பழுதானால் நானா?"

"பழுதாகாது."

"ஆனால்?"

"விடமாட்டீரே! ஆனால் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகத்தான் வேணும். இஞ்சை ஒருத்தரும் அதிலை கைவைக்கேலாது. ஈயச் சீலைப் பாத்தீர்தானே?"

"யாழ்ப்பாணத்துக்குப் போறதுக்குத்தானே நானா கார்!"

மஸாஹிர் நானா தலையில் அடித்துக்கொண்டார். "உம்மோடை கதைச்சு வெல்லேலாது. எஞ்சின் இதிலை கிடக்கட்டும். பத்து நாளிலை வாறன், யோசிச்சுச் சொல்லும்."

யோசிக்கச் சொன்னதுதான் பிழை. அந்தப் பத்து நாளும் மனிதர் நித்திரை கொள்ளவில்லை. சோறு இறங்கவில்லை. காரின் பழைய பெற்றோல் எஞ்சினைப் பார்த்தால் வெள்ளத்துக்குள் நின்றுபோன அந்தக் கார் கண்ணுக்குள் வந்தது. டீசலைப் பார்த்தால் அந்த ஈயச் சீல் கண்ணை உறுத்தியது. இதைப் பூட்டி அவள் செத்தால் நான் கொன்றதாகும், அதைப் பூட்டிச் செத்தாலும் நான் கொன்றதாகும் என்று வாய்க்கால் கட்டில் குந்தியிருந்து தனக்குத் தானே கதைத்தார். கண்டவர்களையெல்லாம் மறித்துக் கேட்டார். அத்தனை பேரும் டீசல் என்றார்கள். அது அவரை இன்னும் பயமுறுத்தியது.

ஒன்பதாம் நாள் விமலேஸ்வரி அரிசி களைந்துகொண்டே கேட்டாள். "இஞ்சாருங்கோ, அந்த டீசல் வழியிலை நிண்டால் என்ன செய்வியள்?"

"கும்பிடுவன்" என்றார்.

"காபரேட்டர் நிண்டால்?"

"கழட்டி ஊதிப் பூட்டுவன்."

அவள் அரிசித் தண்ணீரை வடித்துவிட்டு எழுந்தாள். "உங்களாலை முடிவெடுக்கேலாது. நாளைக்குப் பிள்ளையாரிலை பூக்கட்டிப் பாப்பம். அவர் சொல்லுறதைச் செய்யுங்கோ."

கதிர்காமநாதனுக்கு உயிர் திரும்பி வந்தது. இது ஏன் தனக்கு முதலே தோன்றவில்லை என்று தன்னையே ஏசினார். கலியாணப் பொருத்தத்துக்கும் காணி வாங்கவும் சனம் பூக்கட்டிப் பார்க்கிறதுதான். எஞ்சினுக்குப் பார்த்தால் என்ன குறை? பிள்ளையார் சொன்னால் பிழை பிள்ளையாருடையது. தன்னுடையது அல்ல.

வாய்க்காற்கரைப் பிள்ளையாருக்கு முன்னால் விமலேஸ்வரியே வாழையிலைத் துண்டில் இரண்டு பொட்டலம் கட்டி வைத்தாள். ஒன்றில் வெள்ளை நந்தியாவட்டை, அது காபரேட்டர். மற்றதில் சிவப்புச் செவ்வரத்தை, அது டீசல் என்றாள். கதிர்காமநாதன் கண்ணை மூடி, காது கன்னமெல்லாம் வியர்த்து, தோப்புக்கரணம் ஒன்றுக்கு ஒன்பதாகப் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை. மற்றப் பொட்டலத்தை அவள் பிரிக்காமல் எடுத்து வாய்க்காலில் விட்டாள். அப்படித்தான் விடுவது வழக்கம். வெள்ளைப் பூவைக் கையில் வைத்துக்கொண்டு மனிதர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளுக்குள் அவரும் சிவப்பைத்தான் எதிர்பார்த்திருந்தார்.

"எஞ்சினுக்குப் பூவோ? உமக்கென்ன விசரோ?" என்று மஸாஹிர் நானா சத்தம் போட்டார். பிறகு, கடவுள் விசயத்தில் நான் தலையிடமாட்டேன் என்று சொல்லி டீசல் எஞ்சினைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போனார். லொறி ரோட்டில் ஏறி மறையும்வரை கதிர்காமநாதன் படலையைப் பிடித்தபடி நின்றார்.

பழைய எஞ்சினைத் தன் கையால் இறக்கி, கழுவி, பூட்டினார். காபரேட்டரை மட்டும் ஏழு தரம் கழற்றிப் பூட்டினார். தண்ணீர் போகாதிருக்க, எஞ்சினில் மின்சாரம் ஓடுகிற இடமெல்லாம் சைக்கிள் ரியூப்பைக் கிழித்துச் சுற்றிக் கட்டினார். மார்கழி பத்தாம் திகதி விமலேஸ்வரியை யாழ்ப்பாணத்துக்குக் கிட்டச் சாவகச்சேரியில் மாமி வீட்டுக்குக் கொண்டுபோய், அங்கே வைத்துக் காத்திருப்பது என்று முடிவு. மாமிக்குக் கடிதமும் போட்டாயிற்று.

நோ மார்கழி ஆறாம் திகதி காலையில் கண்டது. நாலு நாள் விடாத மழை. இரணைமடுக் குளம் நிறைந்து வான் கதவால் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. பஸ் ஓடவில்லை. கமலாசனி அக்கா வந்து விமலேஸ்வரியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"தம்பி, காரை எடும்."

"அக்கா, பள்ளத்துக்குள்ளை தண்ணி..."

"எடும் எண்டெல்லே சொல்லுறன்! நானும் வாறன்."

பள்ளத்தில் தண்ணீர் சேற்று நிறத்தில் சுழித்து ஓடியது. ரோட்டின் ஓரம் எது என்று தெரியவில்லை. அன்றைக்குக் கார் நின்ற இடம் இதுதான், இதே இடம்தான். பின் ஆசனத்தில் கமலாசனி அக்காவின் மடியில் தலைவைத்துக் கிடந்த விமலேஸ்வரி முன்சீற்றின் விளிம்பைப் பிடித்திருந்தாள். அவர் காரை இறக்கினார். தண்ணீர் கதவால் உள்ளே வந்து பாதத்தை நனைத்தது. எஞ்சின் இருமியது. "பிள்ளையாரே, நீர் சொன்னது, நீர் சொன்னது" என்று அவர் சத்தமாகவே சொல்லிக்கொண்டு போனார். கார் ஏறி மற்றப் பக்கம் வந்துவிட்டது. கமலாசனி அக்கா அரோகரா என்று கத்தியதில் மனிதர் மறுபடி ஒருக்கால் பயந்துபோனார்.

கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் சின்ன டொக்டரான அப்போதிக்கரி ஐயா குடையோடு காருக்கே ஓடிவந்து பார்த்தார். "இஞ்சை இறக்கவேண்டாம். நேரே பெரியாஸ்பத்திரிக்கு ஓடுங்கோ. மத்தியானத்துக்குள்ளை போகவேணும். பிந்தினால் ரெண்டு சீவனுக்கும் நான் பொறுப்புச் சொல்லமாட்டன்."

பரந்தன் சந்தி தாண்டியது. ஆனையிறவுக்கு இரண்டு கட்டை தூரம் இருக்கும்போது எஞ்சின் திக்கியது. இரண்டு தரம் இழுத்தது. பிறகு நின்றது.

இரண்டு பக்கமும் வெறும் வெளி. மழையும் காற்றும் தவிர ஒரு குஞ்சு குருமான் இல்லை. கதிர்காமநாதன் ஸ்ரேரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டு இருந்தார். வெள்ளத்தில் ஆடின ஆட்டத்துக்குப் பெற்றோல் டாங்கியின் அடியில் கிடந்த துருக் கறள் கிளம்பி ஜெற்றில் அடைத்திருக்கும். இது அவருக்குத் தெரியும். நித்திரையில் கேட்டாலும் சொல்லுவார். ஆனால் கை ஸ்ரேரிங்கை விட்டு வரவில்லை. கால் இருக்கிற இடம் தெரியவில்லை. அன்றைக்கு வெள்ளத்துக்குள் நின்ற அதே மனிதராகத் திரும்பவும் மரத்துப்போனார்.

"தம்பி, இறங்கிப் பாருமன்!" என்றார் கமலாசனி அக்கா.

"பிள்ளையார் சொன்னதைத்தானே அக்கா செய்தனான். அவர் சொல்லித்தானே இதைப் பூட்டினனான். அவரே நிப்பாட்டினால் நான் என்ன செய்ய? இனி அவர் விட்ட வழி." அவர் கையெடுத்துக் கும்பிட்டார். கண்ணீர் வழிந்தது.

"இஞ்சாருங்கோ." விமலேஸ்வரியின் குரல் நோவில் கிழிந்து வந்தது. "பிள்ளையார் ஒண்டும் சொல்லேல்லை."

அவர் திரும்பினார்.

"ரெண்டு பொட்டலத்திலையும் நான் வெள்ளைதான் வைச்சனான். கேட்டுதே? ரெண்டிலையும் வெள்ளை. டீசல் நிண்டால் நீங்கள் கும்பிடுவியள். இது நிண்டால் நீங்கள் திருத்துவியள். நான் உங்கடை கையை நம்பித்தான் வைச்சனான்."

"சாமிக்கு முன்னாலை பொய்யோ? அடி பாவி!"

"பாவம் என்ரை. நான் பாத்துக்கொள்ளுறன். இறங்குங்கோ!"

கமலாசனி அக்கா வாயில் கைவைத்துவிட்டார். கதிர்காமநாதனுக்குக் கோபம் வந்தது, பிள்ளையாரை நினைக்கக் குலை நடுங்கியது, மனைவியின் முகத்தைப் பார்க்க நெஞ்சு வெடித்தது. எல்லாம் ஒன்றாக வந்து தள்ளியதில் மனிதர் கதவைத் திறந்து மழைக்குள் இறங்கிவிட்டார். கும்பிட்டுவிட்டு இருப்பதற்கு இனி ஒருவரும் இல்லை. கை மட்டும்தான் மிச்சம்.

கமலாசனி அக்காவும் இறங்கி, தன் சீலைத் தலைப்பை விரித்து எஞ்சினுக்கு மேலே பிடித்தார். பயம் போய்விட்டது என்று நான் சொன்னால் அது கட்டுக்கதை. போகவில்லை. பயத்தோடேயே கதிர்காமநாதன் குழாயைக் கழற்றினார், கிண்ணத்தை இறக்கினார், ஜெற்றைத் திருகி எடுத்தார். எடுத்த ஜெற் விரலிலிருந்து வழுக்கி விழுந்தது.

ஐயோ! நெல்மணியளவு பித்தளை, சேறும் மழையுமான ரோட்டில் போனால் இந்தப் பிறவியில் கிடைக்காது. காருக்குள்ளிருந்து விமலேஸ்வரி அலறினாள். கதிர்காமநாதன் மூச்சு விடாமல் எஞ்சினின் ஒவ்வொரு பொந்தாக விரலை விட்டுத் தடவினார். சூட்டில் தோல் உரிந்தது. "முருகா, முருகா" என்று கமலாசனி அக்கா அழத் தொடங்கிவிட்டார். அடித்தகரத்தின் விளிம்பில், ஒரு எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிக்கொண்டு அது இருந்தது. எடுத்தவுடன் வாய்க்குள் போட்டார். இனி விழுந்தால் தன் வயிற்றுக்குள்தான் விழவேண்டும். பல்லில் இடுக்கிப் பிடித்து ஊதினார். முதல் ஊதலுக்கு அசையவில்லை. இரண்டாவதுக்கும் இல்லை. மூன்றாவதுக்குக் கறள் துணிக்கை நழுவிக் காற்றுச் சீறிப் போனது. மழையிருட்டில் தூக்கிப் பார்த்தார், துவாரத்தால் வெளிச்சம் தெரிந்தது.

எஞ்சின் நாலாம் தரத்துக்கு எடுபட்டது. கைதடிக்குக் கிட்ட மறுபடி திக்கியபோது, கார் நிற்குமுன்னமே மனிதர் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே போட்டிருந்தார். சொன்னால் நம்புங்கள், ஆறு நிமிடத்தில் கழற்றி ஊதிப் பூட்டிவிட்டார். அதற்குள் பின்னால் அலறல் நின்று முனகலாகியிருந்தது. அலறலைவிட அந்த முனகல்தான் அவரைக் கொன்றது.

பெரியாஸ்பத்திரியில் அவளைத் தள்ளுவண்டியில் வைத்து உருட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்கள். வாயெல்லாம் பெற்றோல் கசக்க, விரல் நுனிகள் எரிய, கதிர்காமநாதன் சுவரோரம் நின்றார். செய்வதற்கு இனி எந்த ஆணியும் இல்லை. செய்வதற்கு ஒன்றுமில்லாதபோது பயம் திரும்பி வந்தது. முதலில் வந்த பயமெல்லாம் இதற்கு முன்னால் தூசு. பாவம் என்ரை என்று அவள் சொன்னாளே! பிள்ளையார் அந்தக் கணக்கை இப்போது, இந்தக் கதவுக்கு உள்ளே வைத்து, அவளிடம் தீர்த்தால்?

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று காதைப் பிடித்துக்கொண்டார். வாழ்நாளில் பொலிசுக்காரனிடம்கூட ஒரு பொய் சொல்லத் துணியாத மனிதர், வாய்விட்டே சொன்னார்.

"பிள்ளையாரே, பூக்கட்டினது நான். ரெண்டிலையும் வெள்ளை வைச்சதும் நான்தான். அவவுக்கு இதிலை ஒண்டும் தெரியாது. ரோட்டிலை சொன்னது நோவிலை புலம்பினது. என்னைக் கேளும். அவவைக் கேக்காதையும்."

பக்கத்தில் நின்ற கமலாசனி அக்கா இதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றார். சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு தாதி வந்தாள். பொம்பிளைப் பிள்ளை, தாய்க்கு இரத்தம் ஏற்றுகிறது, பயமில்லை என்றாள். கதிர்காமநாதன் நிலத்தில் குந்தி இருந்துவிட்டார். பெற்றோல் மணக்கிறது, கையைக் கழுவாமல் பிள்ளையைத் தொடக்கூடாது என்று அவள் ஏசியபோது, ஓம் ஓம் என்று தலையாட்டிக்கொண்டு அழுதார்.

அந்தப் பிள்ளை வளர்ந்து, படித்து, கலியாணமாகி, பேரப்பிள்ளைகளும் வந்தாயிற்று. டீசல் போட்டிருந்தால் வழியில் நின்றே இராது என்று மஸாஹிர் நானா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். இருக்கலாம். வாய்க்காற்கரைப் பிள்ளையாரிடம் கதிர்காமநாதன் வெள்ளிதோறும் போனார். உண்மையைச் சொல்லிவிடுங்கோவன், சாமிக்குத் தெரியாததோ என்று, கமலாசனி அக்கா சொல்லி விசயம் அறிந்த விமலேஸ்வரி எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தாள். அவர் மாட்டேன் என்றார். சொன்னால், தந்த இரண்டு பேரையும் திருப்பி எடுத்துவிடுவாரோ என்று சாகும்வரை அவருக்குப் பயம்.